மறைத்துக் கேட்ட பாட்டு



‘நான் விரும்பும் இசை’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவனிடம் இப்பொருளைக் கொடுத்தால் அவன் என்ன சொல்வான் என்பதை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். எனக்கும் அதில் ஐயம் இருக்கவில்லை. அன்றிரவே ஒரு பட்டியலை எழுதி முடித்தேன். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடி முதலில் நின்றது. அதன்பின் மதுரை மணி ஐயர், எம். எஸ். சுப்புலட்சுமி, தண்டபாணி தேசிகர், காருகுறிச்சி அருணாசலம் என்று, காலை வணக்கக் கூட்டத்தில் மாணவர்கள் நிற்பதுபோல, பட்டியல் ஒழுங்காக நின்றது.

தாளை என் மனைவியிடம் காட்டினேன். அவர் முழுவதையும் படித்தார். “எல்லாம் சரிதான். வண்டியில் போகும்போது கேட்பீர்களே, அது எங்கே?” என்று கேட்டார்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரிடம் விடைத்தாளைக் கையால் மூடிக்கொள்ள முடியாது. பட்டியலைக் கிழித்துவிட்டேன். அதில் இருந்தது பொய்யன்று. இராசரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். நான் பிறந்தது 1959இல். ஆயினும் இசைத்தட்டில் அந்தத் தோடியைக் கேட்டு, காரணம் விளங்காமல் கண் கலங்கிய நாள்கள் எனக்கு உண்டு. ஆனால் அது பாதிதான். மற்றப் பாதியை நான் சிறுவனாக இருந்தபோது மறைத்தேன்; ஆசிரியனான பிறகும் மறைத்தேன். அதை மறைத்ததனால் ஒரு சிறுவனுக்குத் தீங்கு செய்தேன். இன்று அதைத்தான் சொல்லப் போகிறேன்.

புதுக்கோட்டைச் சீமையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. என் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். எங்கள் தெருவில் முதலில் வானொலிப் பெட்டி வாங்கியவர் அவரே. வால்வுப் பெட்டி அது. குமிழைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே சிவப்பாக ஒளி ஏறி, சூடு பரவி, அதன்பின் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கும். ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்தில் அதற்கு உரிமக் கட்டணம் கட்டவேண்டும். அந்தக் கட்டணம் கட்டுவதே திருச்சி நிலையத்தின் கச்சேரிகளைக் கேட்பதற்காகத்தான் என்பது தந்தையாரின் கருத்து. முள் எப்போதும் திருச்சியின்மேல் நிற்கவேண்டும்.

அவர் வெளியே போனதும் முள் கடல் கடந்துவிடும். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு என் தலைமுறைக்கு என்னவாக இருந்தது என்பதை உங்களுக்கு விளக்குவது எளிதன்று. இன்று உங்கள் சட்டைப்பையில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. எங்களுக்கோ, ஒரு பாட்டை மறுபடி கேட்கவேண்டுமானால் இன்னொருவர் அதை விரும்பி அஞ்சலட்டை எழுதும்வரையில் காத்திருக்கவேண்டும். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் எங்கள் வீட்டுத் திண்ணை வரையில் வந்தன. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டுக்கொண்டே பல் துலக்கியவர்கள் இந்தக் கரையில் எத்தனையோ பேர்.

கேட்டு முடித்தபின் இரண்டு வேலைகள் எனக்கு இருந்தன. முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. அதற்காகக் கண்ணாடியின் ஓரத்தில் நகத்தளவு பென்சில் கோடு போட்டிருந்தேன். பெட்டியின் தலையைக் குளிரச்செய்வது மற்றொன்று. தந்தையார் வந்தவுடன் குதிரையைத் தடவிக் கொடுப்பதுபோலப் பெட்டியின் மேற்பலகையைத் தடவிப் பார்ப்பார். சூடாக இருந்தால் எனக்கு வசவு. ஈரத் துணியை அதன்மேல் போட்டு, பனையோலை விசிறியால் வீசுவேன். வெப்பம் கடத்தல்பற்றி நான் கற்ற முதற்பாடம் அதுதான்.

ஒரு நாள் பள்ளியில் காய்ச்சல் கண்டு நண்பகலில் வீடு திரும்பினேன். உள்ளே வானொலி முணுமுணுத்தது. எட்டிப் பார்த்தேன். தந்தையார் விடுப்பில் இருந்திருக்கவேண்டும். நாற்காலியைப் பெட்டியருகே இழுத்துப் போட்டு, ஒலியைக் குறைத்து, காதை ஒலிபெருக்கித் துணியோடு ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். எல். ஆர். ஈசுவரியின் துள்ளாட்டப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வலக்கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட்டது. என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. முள்ளைத் திருச்சிக்குத் திருப்பினார். அந்நேரம் அங்கே நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைப்பற்றி ஒருவர் உரையாற்றிக்கொண்டிருந்தார். தந்தையும் மகனும் பத்து நிமிடம் அந்த உரையை மிகுந்த கவனத்தோடு கேட்டோம்.

அதன்பின்னும் அவர் பெட்டியின் தலையைத் தடவுவதை நிறுத்தவில்லை. நானும் விசிறுவதை நிறுத்தவில்லை.

இப்படி மறைத்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமல்லர். ஒரு நாடே மறைத்தது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்குப் பி. வி. கேஸ்கர் அமைச்சரானார். பாரம்பரிய இசையை மக்கள் காதில் சேர்க்கவேண்டும் என்னும் பெருவிருப்பம் அவருக்கு இருந்தது. தேசிய இசை நிகழ்ச்சி அவ்வாண்டில்தான் தொடங்கியது. பெரும் வித்துவான்கள் பலருக்கு வானொலியால் வாழ்வு கிடைத்தது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதே கையால் அவர் திரைப்பாட்டின் நேரத்தை வெட்டினார். பட முதலாளிகளோடும் பிணக்கு எழுந்தது. அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டு ஏறத்தாழ மறைந்தே போயிற்று. மக்கள் என்ன செய்தார்கள்? எங்கள் வீட்டில் நான் செய்ததைத்தான் செய்தார்கள்; முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். வடநாட்டில் அமீன் சயானியின் ‘பினாகா கீத் மாலா’வுக்காக வாரந்தோறும் வீடுகள் காத்துக் கிடந்தன, அதுவும் கொழும்பிலிருந்து வந்ததுதான். கடைசியில் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி தொடங்கியது. திரைப்பாட்டு முன்வாசல் வழியாகவே வீட்டுக்குள் வந்தது.

ஆர்மோனியத்தின் கதையும் இதைப் போன்றதே. அயல்நாட்டுக் கருவி, கமகம் பேசாது என்னும் காரணங்களால் 1940இல் அதை வானொலிக்கு வெளியே நிறுத்தினார்கள். 1971இல்தான் கதவு சற்றுத் திறந்தது. அந்த முப்பத்தோர் ஆண்டுகளில் நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் ஆர்மோனியம் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் எது? இதை வானொலி நிலையத்திலேயே உட்கார்ந்து சொல்ல எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் கவனிக்கவேண்டும்.

இனி வழிப்பாட்டுக்கு வருகிறேன்.

நம் முன்னோர் பாட்டையும் நிலத்தையும் பிரித்து எண்ணவில்லை. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைக்கிறார். பாலை நிலம் வழிச்செல்வோரின் நிலம். ‘பொருநராற்றுப்படை’ பாலை யாழைப்பற்றி ஒரு செய்தி சொல்கிறது: வழிப்பறி செய்யும் கள்வர்களும் அந்த இசையைக் கேட்டால் கையிலுள்ள படைக்கலத்தைக் கீழே விட்டுவிடுவார்களாம். வழிப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா? ‘சிலப்பதிகார’த்தில் கோவலனும் கண்ணகியும் காவிரிக்கரை வழியே நடக்கும்போது, உழவர் பாடும் ஏர்மங்கலமும் களத்தில் பாடும் முகவைப்பாட்டும் அவர்கள் காதில் விழுகின்றன. துன்பத்தை நோக்கி நடப்பவர்களுக்கும் வழியில் பாட்டு இருந்தது.

என் சிறுவயதில் வண்டிப்பாட்டைக் கேட்டிருக்கிறேன். இரவில் நெல்மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போகும். வண்டியின் அடியில் லாந்தர் ஆடும். மாட்டின் கழுத்து மணியே தாளம். முன்வண்டிக்காரர் ஓரடி பாடினால் பின்வண்டிக்காரர் மறு அடியை எடுப்பார். மாடுகளுக்கு வழி தெரியும். பாட்டு மாட்டுக்காக அன்று, தூங்கிவிடாமல் இருப்பதற்காக. ஏற்றம் இறைப்பவரின் பாட்டிலோ கணக்கே இருந்தது. எத்தனை சால் இறைத்தோம் என்னும் எண் பாட்டுக்குள்ளேயே கோத்து வரும். பாட்டை மறந்தால் கணக்கும் போய்விடும். நான் பின்னாளில் கணித ஆசிரியனானேன். பாட்டும் எண்ணும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பது எனக்கு ஐந்து வயதிலேயே காதில் விழுந்திருந்தது. மூளையில் ஏறுவதற்குத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

வண்டி போய்ப் பேருந்து வந்தது. 1983 முதல் இருபது ஆண்டுகளுக்குமேல் பேருந்தில்தான் பள்ளிக்குப் போய்வந்தேன். விடியற்காலைப் பேருந்துக்கென்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முதலில் சீர்காழி கோவிந்தராசன், அடுத்து நாகூர் ஹனீபா, பிறகு வேளாங்கண்ணி மாதாவின்மேல் ஒரு பாட்டு. மும்மதத்துக்கும் வணக்கம் சொல்லிய பிறகே ஓட்டுநர் தம் சொந்த விருப்பத்துக்கு வருவார். அந்த நாள்களில் அது பெரும்பாலும் இளையராசாதான். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது நான் கல்லூரி மாணவன். எங்கள் ஊர்த் தெம்மாங்கின் மண்வாசனை திரையிலிருந்து வருவதைக் கேட்டு விடுதியில் பாதிப் பேர் மகிழ்ந்தோம். மறுபாதிப் பேர் முகஞ்சுளித்தார்கள். முகஞ்சுளித்தவர்களே அதை இரவில் மிகுதியாக முணுமுணுத்தார்கள் என்பது விடுதிக் காப்பாளருக்கும் தெரியும். இரவுப் பேருந்தில் ஒரு விந்தை உண்டு. பாட்டு ஓடும்வரை பயணிகள் உறங்குவார்கள். ஓட்டுநர் பாட்டை நிறுத்தினால் அத்தனை பேரும் விழித்துக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் மகன் விரல் நுனியளவு பென்டிரைவ் ஒன்றில் முந்நூறு பாட்டுகளைப் போட்டுத் தந்தான். ஓட்டும்போது எந்தப் பாட்டு உகந்தது என்பதில் எனக்கு இப்போது ஓரளவு அனுபவம் உண்டு. ஆலாபனை உகந்ததன்று. தோடியில் மனம் ஆழ்ந்தால் எதிரில் வரும் லாரி கண்ணுக்குத் தெரியாது. பி. பி. சீனிவாசின் குரல் காலையில் இனிது. மதிய உணவுக்குப் பிறகு அது ஆபத்து. ஒரே சீராக நடக்கும் தாளமும், எதிர்பார்த்த இடத்தில் வந்து நிற்கும் பல்லவியும் வேண்டும். தாளம் மிகுதியாகத் துள்ளினாலும் தொல்லைதான். ஒருமுறை என் வலக்கால் தானாக அழுந்தி வேகமுள் 50இலிருந்து 75க்கு ஏறியதை என் மனைவிதான் பார்த்தார். “பாட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் என்னை இறக்கிவிடுங்கள்” என்றார். அந்தத் துள்ளும் பாட்டுத்தான் பட்டியலில் அவர் தேடிக் காணாதது.

நீங்கள் அதைக் குத்துப்பாட்டு என்கிறீர்கள். பெயரில் நயமில்லை, பெரும்பாலானவற்றின் சொற்களிலும் நயமில்லை. சில பாட்டுகளின் சொற்களை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. பெண்களை இழிவாகப் பேசுவனவற்றை நான் தள்ளியே வைத்திருக்கிறேன். என்னைப் பிடித்துக்கொண்டது தாளம். அதை ஆராய்ந்து பார்த்தால் மும்மூன்றாக உருளும் திசிர நடை. ‘தகிட தகிட’ என்று நாவால் சொல்லிப் பாருங்கள். தோள் தானே அசையும். தெம்மாங்கில் இந்த நடை உண்டு. நையாண்டி மேளத்தில் உண்டு. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இந்த நடையில்தான் கழுகுமலை ஏறுகிறது. தோளில் காவடி இருந்தால் பக்தி, இல்லாவிட்டால் பண்பாடின்மை என்று தாளத்தைப் பிரிப்பது எப்படி என எனக்குப் புரிந்ததில்லை. எல். ஆர். ஈசுவரியின் குரலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் எழும்போது கைகூப்புகிறோம். அதே குரல் நடன விடுதிக் காட்சியில் பாடினால் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்கிறோம்.

ஆனால் இந்த வாதத்தையெல்லாம் நான் இப்போது பேசுகிறேன். பணியில் இருந்த காலத்தில் என்னிடம் வாதம் இல்லை; ஒலிநாடா மட்டும் இருந்தது. அக்காலத்தில் நாம் பாட்டுகளின் பட்டியலைக் கொடுத்தால் கடையில் நாடாவில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட நாடா. பக்கத்துக்கு முப்பது நிமிடம். நான் கொடுத்த பட்டியலில் முதற்பக்கம் முழுவதும் கீர்த்தனைகள். மறுபக்கத்துக்குரிய பட்டியலைத் தனித் தாளில் எழுதி நான்காக மடித்துக் கொடுத்தேன். கடைக்காரர் பெரிய மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. உறையின்மேல் முதற்பக்கத்தின் விவரத்தை மட்டும் முத்துமுத்தாக எழுதித் தந்தார். இரவில் பிள்ளைகள் உறங்கிய பிறகு அந்த மறுபக்கத்தைக் கேட்பேன். என் தந்தையாரின் மகன் அல்லவா!

அது 1994ஆம் ஆண்டு. பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டா. ஏழாம் வகுப்பு, மதிய இடைவேளைக்குப் பின் முதல் பாடவேளை. மீச்சிறு பொது மடங்கு நடத்திக்கொண்டிருந்தேன். 3, 6, 9, 12 என்று ஒரு வரியும், அதன்கீழ் 4, 8, 12 என்று ஒரு வரியும் கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து மெல்லிய ஒலி வந்தது. ஒரு சிறுவன் மேசைமேல் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டுமுறை திரும்பிப் பார்த்தேன், அவன் கவனிக்கவில்லை. கண்ணை மூடியிருந்தான். மூன்றாம் முறை எனக்குச் சினம் வந்தது. “நிறுத்தடா! இது என்ன சாவு வீடா?” என்றேன்.

வகுப்பு சிரித்தது. எல்லா வகுப்பும் ஆசிரியரின் ஏளனத்துக்குச் சிரிக்கும். ஆனால் அன்று அது நிற்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மேலும் சிரித்தார்கள். அந்தச் சிறுவனின் தந்தை பறையடிப்பவர். சுற்று வட்டாரத்தில் சாவு வீடென்றால் அவருக்குத்தான் ஆள் போகும். அறியாமல் சொல்லிவிட்டேன் என்று நெடுங்காலம் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அறிவேன். வருகைப் பதிவேட்டில் தந்தையின் தொழிலை என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்த நொடியில் அதை நினைக்கவில்லை என்பது உண்மை. என் நாவு நினைத்ததோ என்னவோ!

அன்றிரவு வழக்கம்போல் நாடாவின் மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. என் கை நாற்காலிச் சட்டத்தில் தட்டியது. இடக்கை ஒருவிதம், வலக்கை ஒருவிதம். திடீரென்று மதியம் கேட்ட ஒலி நினைவுக்கு வந்தது. அந்தச் சிறுவன் வலக்கை விரலால் மூன்று எண்ணிக்கைக்கு ஒருமுறையும் இடக்கை விரலால் நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறையும் தட்டினான். இரண்டு கைகளும் பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை ஒன்றாக விழுந்தன. நான் கரும்பலகையில் எழுதியதை அவன் மேசையில் வாசித்துக்கொண்டிருந்தான்! விளையாட்டாகத் தட்டினானோ, பாடத்தைப் பார்த்துத் தட்டினானோ, நான் அறியேன். அந்தக் கணக்கு அவனுக்கு விளங்கியிருந்த அளவு அந்த வகுப்பில் வேறு யாருக்கும் விளங்கவில்லை என்பது மட்டும் உறுதி. கல்வியியல் கல்லூரியில் பயிற்சி பெறும்போது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று படித்துத் தேர்வும் எழுதியவன் நான்.

மறுநாள் அவனை அழைத்து அந்தத் தாளத்தை வகுப்பின்முன் தட்டிக் காட்டச் சொல்லவேண்டும் என்று எண்ணினேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் வந்தான். வந்தவன் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் அவன் அப்படித்தான் உட்கார்ந்தான். எழுதவேண்டிய நேரத்தில் மட்டும் கையை எடுப்பான். நான் அழைக்கவில்லை. என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. பின் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 2019இல் நண்பர் ஒருவரின் மகள் திருமண வரவேற்புக்குத் தஞ்சாவூர் போகவேண்டியிருந்தது. இரவில் ஓட்ட என் கண் ஒத்துழைப்பதில்லை. ஆகவே வாடகைக் கார் அமர்த்தினேன். வண்டி வந்து நின்றதும் ஓட்டுநர் இறங்கி என்னைப் பார்த்தார். “சார், என்னைத் தெரியுதா?” என்றார். முகம் தெரியவில்லை. வணங்குவதற்காகக் கையைக் குவித்தபோது அந்தக் கைகளைத் தெரிந்துகொண்டேன்.

வண்டி புதுக்கோட்டையைத் தாண்டியது. அவர் பணிவாக, “பாட்டுப் போடட்டுங்களா சார்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, எனக்காகத் தேடி எடுத்து ஒரு கீர்த்தனையைப் போட்டார். கணக்கு வாத்தியாருக்குப் பிடித்தது அதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல பாட்டுத்தான். ஆனால் அதை அவரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. கந்தர்வகோட்டை வரையில் இப்படியே சென்றது. இசைக்கு உரியவர்களான கந்தருவர்களின் பெயரைக் கொண்ட அந்த ஊரில், இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டுவதற்காக ஒரு பாட்டைப் பொறுத்துக்கொண்டிருந்தோம்.

பின்னிருக்கையிலிருந்து என் மனைவி, “தம்பி, அவருக்குப் பிடிச்சது இது இல்லை. நீங்க தனியா ஓட்டும்போது கேட்பீங்களே, அதைப் போடுங்க” என்றார்.

ஓட்டுநர் திகைத்துக் கண்ணாடியில் பார்த்தார். “போடுங்கள்” என்றேன். அவர் போட்டார். என் நாடாவின் மறுபக்கத்தில் இருந்திருக்கவேண்டிய பாட்டு அது.

சிறிது தொலைவு சென்றபின் சொன்னேன்: “ஏழாம் வகுப்பில் ஒருநாள் உங்களை ஒரு சொல் சொல்லிவிட்டேன். நினைவிருக்கிறதா?”

“இருக்குது சார்” என்றார். சாலையைப் பார்த்தபடியே இருந்தார்.

“நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று நீங்கள் தட்டியது என் பாடம். அன்றிரவே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லவில்லை.”

அவர் உடனே விடை சொல்லவில்லை. எதிரே வந்த பேருந்துக்கு வழி விட்டார். பிறகு, “போன வருசம் எங்கப்பா போயிட்டாரு சார். அவரு காரியத்துக்கு நான்தான் அடிச்சேன். அதுவரைக்கும் தொட்டதே இல்லை. கை மறக்கலை” என்றார்.

அதற்கு நான் என்ன விடை சொல்ல முடியும்? 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டதைச் செய்தித்தாளில் படித்தபோது, இந்த ஓட்டுநரைத்தான் நினைத்தேன். ஆனால் அந்த இரவில் என்னிடம் விருதுச் செய்தி ஏதும் இல்லை. முன்னிருக்கையில் இருந்தேன், எதிரே பலகை இருந்தது. வலக்கையால் மூன்றுக்கு ஒருமுறையும் இடக்கையால் நான்குக்கு ஒருமுறையும் தட்ட முயன்றேன். இரண்டு சுற்று வந்தது. மூன்றாம் சுற்றில் கைகள் ஒன்றையொன்று மறந்தன.

“இடக்கை முந்துது சார்” என்றார் அவர். திசைமாற்றும் சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல், கட்டைவிரல்கள் இரண்டால் மட்டும் தட்டிக் காட்டினார். “பன்னிரண்டுல போய்ச் சேரணும்.”

தஞ்சாவூர் வரையில் பாடம் நடந்தது. மண்டபத்து வாசலில் வண்டி நின்றபோது பாட்டு முடிய இன்னும் ஒரு சரணம் இருந்தது. என் மனைவி இறங்கி உள்ளே போய்விட்டார். நாங்கள் இருவரும் இறங்கவில்லை.